இந்த வீட்டில் எத்தனை ஓட்டு?

"இந்த வீட்ல இருபத்தோரு வயசு முடிஞ்சவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார் பிஸ்வாஸ் மாஸ்டர்.

"ரெண்டே பேர். நானும் என் சம்சாரமும்" என்றான் பன்னீர்செல்வம்.

சமையலறைக்குள்ளிருந்து மூன்றாவது ஆள் தும்மினார்.

"நூறு வயசு, மாமா!" என்று நாலாவது ஆள் வாழ்த்தினான்.

மாஸ்டரின் பென்சில் நின்றது. பன்னீர்செல்வம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"விருந்தாளிங்க, மாஸ்டர்ஜி. மெயின்லாண்ட்லேருந்து வந்திருக்காங்க. அடுத்த கப்பல்ல போயிருவாங்க."

"அச்சா! அடுத்த கப்பல்லயா? நிச்சயமா?"

மாஸ்டர் வங்காளி. ஹேடோ பகுதிப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி, தீவு இந்தியும் தமிழுமாக ஒரு பாஷையைப் பழகி வைத்திருந்தார். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வேலை இப்போது அவர் தலையில். அவர் கழுத்தை நீட்டி முன் அறையைப் பார்த்தார்.

"அந்த ரெண்டு பேரும் இந்த ரூம்லதான் படுக்கிறாங்களா?"

"ஆ... ஆமா."

"மழைக்குக் கூரை ஒழுகுமா?"

"இல்லை."

"குழாய்ல தினம் தண்ணி வருதா?"

ஒவ்வொரு கேள்விக்கும் பன்னீர்செல்வம் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினான். ஓட்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்? ஒரே சம்பந்தம்தான் இருக்க முடியும். குவார்ட்டர்ஸ் ஆபீஸ்!

பன்னீர்செல்வம் துறைமுக வேலைகள் பிரிவில் குமாஸ்தா. வருடக்கணக்கில் விண்ணப்பம் போட்டு வாங்கிய சர்க்கார் வீடு இது. தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவைத் திறந்தால் கப்பல்துறை. குடும்பத்தைத் தவிர வெளியாளை வைத்துக்கொண்டால் வீடு பறிபோகும் என்று போன மாதம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. ஸ்டோர்ஸ் பழனிசாமிக்கு மரைன் ஹில்லில் இருந்த வீடு அப்படித்தான் போயிற்று. பாவம், இப்போது பெண்டாட்டி பிள்ளைகளோடு யாருடைய தோட்டத்திலோ கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு இருக்கிறான்.

பன்னீர்செல்வம் வீட்டிலோ வெளியாள் இரண்டு பேர். ஒருவன் மனைவி ருக்குவின் தம்பி உதயசூரியன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலையில் இருந்தான். இன்னொருவர் ருக்குவின் தாய்மாமன் கோவிந்தராஜ். 'தீவைப் பார்த்துட்டுப் போயிடறேன்' என்று கப்பலேறி வந்தவர், ஒரு காண்டிராக்டரிடம் மேஸ்திரியாகச் சேர்ந்து, இரண்டு வருடமாகத் தீவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் படியிறங்கியதும் மாமா வெளியே வந்தார்.

"ஏன் மாப்பிள்ளை, நான் என்ன கடத்தல் சரக்கா? சமையக்கட்டுல பதுக்கி வைக்கிறீங்க?"

"மெதுவாப் பேசுங்க மாமா. அவர் பேர் எழுத வரலை. உளவு பார்க்க வந்திருக்காரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு ஓட்டு வேணும். அம்பத்திரண்டுல ஊர்ல ஒரே ஒரு தடவை போட்டேன். அம்பத்தேழுல வாடகை வீடு மாறியிருந்தேன், பேர் இல்லை போன்னுட்டான். வீடு மாறினா பேரையும் மாத்திக்கணும்னு எவன் சொன்னான்? அறுபத்திரண்டுல வெளியூர் வேலை. அங்கயும் எழுதிக்கலை. இப்பத்தான் இந்தத் தீவுக்கே முதமுதலா ஓட்டு வருது. இவ்வளவு நாளும் எம்.பி.யை டெல்லியிலயே நியமிச்சு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. இதையும் விட்டா நான் எப்ப ஓட்டுப் போடறது? பாடையில போகும்போதா?"

"அத்தான், எனக்கு இருபத்திமூணு ஆகுது. இதுதான் முதல் ஓட்டு" என்றான் உதயசூரியன்.

ருக்கு கரண்டியோடு வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "என் தம்பி பேரும் என் மாமன் பேரும் இல்லாத லிஸ்ட்டுல எனக்கும் பேர் வேண்டாம்."

பன்னீர்செல்வத்துக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் பார்த்தால், மாஸ்டர் குவார்ட்டர்ஸ் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்! தலைமைக் குமாஸ்தாவிடம் குனிந்து குனிந்து ஏதோ சொல்கிறார். கை நேரே பன்னீர்செல்வம் வீடு இருக்கும் வரிசையைக் காட்டுகிறது. தலைமைக் குமாஸ்தா தலையை ஆட்டுகிறார்.

அன்று அவன் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் தேதி தப்பு.

மாலைக்குள் ஒரு வழி தோன்றியது. ஹேடோ முக்கில் டீக்கடை வைத்திருக்கும் குருநாதனைப் பிடித்தான். குருநாதனின் பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாக வந்து, விடுதலையான பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். பேரனுக்கு இந்தத் தீவுதான் ஊர், இந்தி கலந்ததுதான் தமிழ்.

"குருநாதா, உன் கடைக்குப் பின்னால ஒரு கொட்டகை இருக்கில்ல? அங்க எங்க மாமாவும் மச்சானும் குடியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"அரே பன்னீர் பாய், அது ஆட்டுக் கொட்டகை."

"இருந்தா என்ன? ஆட்டுக்கு ஓட்டு இல்லை. இடம் காலிதானே?"

"டீக் ஹை. நம்ம ஆளுங்களுக்காகத்தானே? எழுதுங்க."

இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு தேர்தல் ஆபீஸுக்குப் போனான். பெயர் சேர்க்கும் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு குமாஸ்தா கேட்டார். அவரும் தமிழர்.

"பேர்?"

"உதயசூரியன்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "தம்பி, பேரைக் கேட்டேன். சின்னத்தைக் கேக்கல."

"பேரே அதாங்க."

"இங்க பிரசாரம் கூடாது. அப்பா அம்மா வச்ச பேரைச் சொல்லு."

"அவங்க வச்சதுதாங்க. நான் பொறந்தப்ப விடிகாலை."

பத்துப் பேர் கூடி, உதயசூரியன் என்பது கட்சியல்ல, ஆள்தான் என்று சாட்சி சொன்ன பிறகு எழுதிக்கொண்டார். கடைசியில் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "குடியிருக்கிற இடம் நிஜம், வேற எங்கயும் பேர் இல்லை. இதுக்குத்தான் கையெழுத்து. பொய்யா இருந்தா கேஸ் ஆகும்."

மாமா கையெழுத்துப் போட்டார். உதயசூரியன் போடும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பன்னீர்செல்வம் அதைப் பார்க்கவில்லை. வாசலில் மாஸ்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் அங்கே வரவில்லை. அடுத்த வாரம் நேராக டீக்கடைக்கே போய்விட்டார். விண்ணப்பம் கொடுத்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதும் அவர்தானாம்! கொட்டகையைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஆடும் அவரைப் பார்த்தது. கிளம்பி பன்னீர்செல்வத்தின் ஆபீஸுக்கு வந்துவிட்டார்.

"பன்னீர் பாபு, உங்க விருந்தாளிங்க ஊருக்குப் போகலையாமே? டீக்கடைக்குக் குடி போயிட்டாங்களாமே?"

"ஆமா மாஸ்டர்ஜி. போயிட்டாங்க."

"அப்போ உங்க முன் ரூம் இப்ப காலி?"

பன்னீர்செல்வம் உஷாரானான். காலி என்று சொன்னால், இவர் சோதனை போட வருவார். வந்தால் இரண்டு கட்டில், மாமாவின் மண்வெட்டி, கொடியில் தொங்கும் மச்சானின் சட்டை எல்லாம் சாட்சி சொல்லும்.

"காலி இல்லை! காலியே இல்லை! அவங்க... பகல்ல நம்ம வீட்ல இருப்பாங்க. ராத்திரி படுக்க மட்டும் அங்க."

"ஆட்டோடவா?"

"பழகிருச்சு."

"யாருக்கு?"

"ஆட்டுக்கு."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தான் பன்னீர்செல்வம். நினைத்தது சரி. மறுபடியும் குவார்ட்டர்ஸ் ஆபீஸுக்குத்தான் போனார்.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கமே இல்லை. துறையில் கப்பல் ஊதினால்கூட வீட்டைக் காலி செய்யச் சொல்லுகிறார்களோ என்று எழுந்து உட்கார்ந்தான்.

வரைவுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். பிழை இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும். திருத்திய பிறகுதான் கடைசிப் பட்டியல். ஊரே திரண்டு தன் பெயரைத் தேடியது. சாரலில் நனைந்துகொண்டே, யார் யாருடைய தோளுக்கு மேலோ எம்பிப் பார்த்த பன்னீர்செல்வம் அப்படியே உறைந்துபோனான்.

டீக்கடை முகவரியில் கோவிந்தராஜும் உதயசூரியனும் இருந்தார்கள். அவன் வீட்டு நம்பரிலும் பன்னீர்செல்வம், ருக்குமணி, கோவிந்தராஜ், உதயசூரியன் என்று வரிசையாக நாலு பேர்! ஊர் பார்க்க ஒட்டியிருக்கிறது!

வீட்டுக்கு ஓடினான். "இது எப்படிடா?"

உதயசூரியன் தலையைக் குனிந்துகொண்டான். "மனசு கேக்கல அத்தான். கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்லிட்டோமேன்னு உறுத்துச்சு. நானும் மாமாவும் மறுநாளே போய், நிஜமான விலாசத்துக்கு வேற படிவம் குடுத்துட்டோம். புதுசு வந்தா பழசு தானா அழிஞ்சிரும்னு நினைச்சோம்."

"அழியலையே! ஒரு ஆளுக்கு ரெண்டு இடத்துல பேர் இருந்தா குத்தம்டா! எனக்கு வீடு போகும், உங்களுக்கு ஜெயில்! இந்த ஊர்ல ஜெயிலுக்கா பஞ்சம்?"

அடுத்த நொடியே மழையில் திரும்ப ஓடினான். பட்டியலில் தப்பான பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி ஆட்சேபம் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தான். தன் வீட்டில் இருக்கும் இரண்டு பெயரையும் அடித்துவிட்டால், டீக்கடையில் இருப்பது இருக்கட்டும். சுவரருகே கூட்டம் நெருக்கியது. தண்ணீர் வழிந்து மை கலங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கி இரண்டு வரிசை எண்களை மனசில் வாங்கிக்கொண்டு தேர்தல் ஆபீஸில் நுழைந்தான்.

"யார் பேரை எடுக்கணும்?" என்றார் குமாஸ்தா.

சொந்த வாயால் பெயர் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. "நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. இவங்க ரெண்டு பேரும் இந்த விலாசத்துல வசிக்கலை."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பல நாளைக்குப் பிறகு அவனுக்கு டீ குடிக்கத் தோன்றியது.

அவன் ஆபீஸில் இருந்த ஒரு பகலில், மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் விசாரணை நோட்டீஸ். ருக்குதான் கதவைத் திறந்தாள்.

"தீதி, ஒரு ஆட்சேபம் வந்திருக்கு. இந்த வீட்ல ருக்குமணின்னு யாரும் வசிக்கலையாம்."

"என்னது? யார் எழுதிக் குடுத்தது?"

"பன்னீர்செல்வம்."

"எந்தப் பன்னீர்செல்வம்?"

"இந்த வீட்டுப் பன்னீர்செல்வம்தான். அவர் பேர் மேலயும் ஆட்சேபம் இருக்கு. அவரும் இங்க வசிக்கலையாம்."

"அதைக் குடுத்தது யாரு?"

"அதையும் அவர்தான் குடுத்திருக்காரு" என்று சங்கடத்தோடு சொன்ன மாஸ்டர், போகிற போக்கில் முன் அறையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மாலையில் பன்னீர்செல்வம் வந்தான். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நடுவீட்டில் டிரங்குப் பெட்டி. அதன்மேல் ருக்கு.

"சோறு ஆகலையா?"

"யார் ஆக்கறது? இந்த வீட்லதான் ருக்குமணின்னு யாரும் இல்லையே. கவர்மெண்டுக்கே எழுதிக் குடுத்தாச்சே."

நோட்டீஸை வாங்கிப் படித்தான். வரி தப்பிப் பார்த்திருக்கிறான். "ஐயோ ருக்கு, நான் எடுக்கச் சொன்னது உன் பேரை இல்லை. உன் தம்பியையும் மாமாவையும்தான்!"

சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று அவனுக்கு உறைத்தது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "வாடா உதயா, நம்ம விலாசத்துக்குப் போவோம். குருநாதன் கடையில பரோட்டா போட்டிருப்பான்."

ருக்கு அசையவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "கல்யாணம் பண்ணிக் கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தீங்க. எனக்கு இங்க யாரு இருக்கா? இவங்க ரெண்டு பேரும் வந்த பிறகுதான் இது வீடு மாதிரி இருந்துச்சு. நீங்க வீட்டைக் காப்பாத்துங்க. விசாரணையில என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டு நான் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக்கறேன்."

விசாரணை நாள் வந்தது. பதிவு அதிகாரி நாகர்கோவில் பக்கத்துக்காரர், வாய் நல்ல வெற்றிலைச் சிவப்பு. காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஆட்சேபம் செய்த பன்னீர்செல்வம் யாரு?"

"நான்தாங்க."

"ஆட்சேபிக்கப்பட்ட பன்னீர்செல்வம்?"

"அதுவும் நான்தாங்க."

"ரெண்டு தரப்பும் ஆஜர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அதிகாரி. "சரி. நீங்க உங்க வீட்ல வசிக்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"ஒரு வாரமா அங்க எனக்குச் சோறு கிடைக்கல சார்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ருக்கு மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சுவரில் சாய்ந்தபடி மாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி தப்பிவிட்டது, பின்வரும் எண்கள்தான் சரி என்று சொல்ல ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வந்திருந்தான் பன்னீர்செல்வம். ருக்குவின் முகத்தைப் பார்த்ததும் அது எங்கேயோ போயிற்று.

"சார், இந்தம்மா ருக்குமணி, என் சம்சாரம். என் வீட்லதான் இருக்கு. அவ தம்பியும் அவ மாமாவும் ரெண்டு வருஷமா என் வீட்லதான் இருக்காங்க. டீக்கடை விலாசம் நான் சொல்லிக் குடுத்த பொய். அவங்க மேல தப்பு இல்லை. வீடு போயிருமேன்னு பயந்துட்டேன். வீட்டை வேணும்னா எடுத்துக்குங்க சார். இவங்க ஓட்டை எடுத்துராதீங்க."

அதிகாரி சாவதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"உங்க வீட்டை வச்சு நான் என்னய்யா பண்றது? ஒரு ஆள் வழக்கமா எங்க குடியிருக்கானோ அங்க அவன் பேர் இருக்கணும். இடம் மாறினா புது இடத்துல எழுதிக்கணும், பழைய இடத்துல எடுத்துறணும். அவ்வளவுதான் எங்க வேலை. வீடு யாருக்கு அலாட் ஆச்சு, உள்ள யாரை வச்சிருக்கீங்கன்னு இந்த மேஜை கேக்காது. குவார்ட்டர்ஸ் ஆபீஸுக்கு இங்கேருந்து ஒரு துண்டுக் காகிதம் போகாது."

"போகாதா?"

"போகாது. நெருங்கின சொந்தம்னு எழுதி அங்க அனுமதி கேளும். குடுப்பாங்க. இந்த ஆட்சேபம் தள்ளுபடி. டீக்கடை விலாசத்துல இருக்கிற ரெண்டு பேரை அடிச்சிருங்க. வீட்டு விலாசத்துல நாலு பேரும் இருக்கட்டும். மறுபடி இப்படிப் பொய்க் கையெழுத்து வாங்கினீர்னா நானே பிடிச்சு உள்ள வைப்பேன். அடுத்தது யாரு?"

மாமா கூடத்திலேயே கையைத் தூக்கிக் கும்பிட்டார். உதயசூரியன் அத்தானின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். ருக்கு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "போற வழியில மீன் வாங்கணும். பசியோட இருக்கீங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் பன்னீர்செல்வத்துக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்துவிட்டது.

வராந்தாவில் மாஸ்டர் குடையோடு நின்றிருந்தார். அவன் நேராக அவர் முன்னால் போய் நின்றான்.

"மாஸ்டர்ஜி! எங்க வீட்ல யார் இருக்கா, எங்க படுக்கறாங்கன்னு குவார்ட்டர்ஸ் ஆபீஸுக்கு ஓடி ஓடிச் சொன்னீங்களே, இனிமே தாராளமாப் போய்ச் சொல்லுங்க. நாங்க நாலு பேரும் அங்கதான் இருப்போம். யாரும் எந்தக் கப்பல்லயும் போகப் போறதில்லை. முன் ரூம் காலியாகாது!"

மாஸ்டரின் முகம் வாடிப்போயிற்று. விரிக்கப் போன குடையை அப்படியே மடித்துக்கொண்டார்.

"குவார்ட்டர்ஸ் ஆபீஸும் வீடு இல்லைன்னுடுச்சு, நீங்களும் ரூம் இல்லைங்கறீங்க. ஹேடோ முழுக்க எல்லார் பேரையும் எழுதிட்டேன், பன்னீர் பாபு, என் பேரை எழுதிக்கத்தான் ஒரு வீடு கிடைக்கல."